பழைய சுவருக்குச் சுண்ணாம்பா, சீமெந்தா?

மட்டக்களப்புப் புளியந்தீவில் சுவரோடு சுவர் ஒட்டிய பழைய வீட்டைத் திருத்தப்போனால் முதலில் பூச்சுப் பிரச்சினைதான் வரும். மேசன்மார் பெரும்பாலும் சீமெந்தையே சொல்வார்கள்: வேலை கெதியில் முடியும், எந்தக் கடையிலும் மூடை கிடைக்கும். ஆனால் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் வைத்துக் கட்டிய சுவருக்கு அது கூடவே கூடாது.

அந்தக் காலச் சுவர்களில் நிலத்து ஈரத்தைத் தடுக்கும் படை கிடையாது. வாவி சூழ்ந்த மண்ணிலிருந்து உப்புநீர் மேலேறிக்கொண்டே இருக்கும். சுண்ணாம்புப் பூச்சு அதை வெளியே விடும்; உப்பும் மேலே பூத்து உதிரும். சீமெந்து பூசினால் அந்த வழி அடைபடும். ஈரம் இன்னும் உயரத்துக்கு ஏறும், உப்பு பூச்சுக்குப் பின்னால் உறைந்து கல்லையே அரிக்கும். விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். பொள்ளென்று கேட்கும் இடத்தைப் பெயர்த்தால் செங்கல் மாவாகக் கொட்டும். நடுச்சுவர் பொதுவென்றால் உங்கள் பக்கம் சீமெந்து பூச, ஈரம் அயல்வீட்டுப் பக்கம் தள்ளப்படும். அயலவரோடு பேசி இரண்டு பக்கத்தையும் ஒன்றாகச் செய்வதே நியாயம்.

சுண்ணாம்புக்குப் பொறுமை வேண்டும். முன்பு சுண்ணாம்பு சுட்ட முருகைக்கல்லை (பவளப்பாறையை) தோண்டத் தடை என்பதால் பைச் சுண்ணாம்புதான் வழி. கட்டிபட்ட, நாட்பட்ட பையை வாங்காதீர்கள். ஒரு நாளாவது நீரில் ஊறவைத்துக் களியாக்கி, ஒரு பங்குக்கு மூன்று பங்கு அரித்த ஆற்றுமணல் சேருங்கள். கடல்மணல் உப்பைத் திரும்பவும் சுவருக்குள் கொண்டுவரும். செங்கற்களுக்கு இடையிலுள்ள பழைய சாந்தை 20 மில்லிமீற்றர் ஆழம் சுரண்டி, சுவரை நனைத்து, ஒரு படைக்கு 10 மில்லிமீற்றருக்கு மேற்படாமல் பூசுங்கள். பெருவிரலால் அழுத்தினால் பள்ளம் விழாமலும் நகம் மட்டும் கீறும்படியும் இருந்தால் அடுத்த படை போடலாம். மாரி முடிந்து, வறண்ட கச்சான் காற்று தொடங்குமுன் செய்வது நல்லது. கச்சானில் பூச்சு இறுகுமுன்பே காய்ந்து பொடிந்துவிடும். அப்போது ஈரச்சாக்கு தொங்கவிட வேண்டும்.

பலம் வரட்டுமென்று சுண்ணாம்புக்குள் கொஞ்சம் சீமெந்து போடுவோர் உண்டு. வேண்டாம், அது இரண்டின் குணத்தையும் கெடுக்கும்.

பிற்காலத்தில் சீமெந்துக் கல்லில் எழுப்பிய குளியலறை, குசினிச் சுவர்களுக்குச் சீமெந்தே சரி, ஒரு பங்கு சீமெந்துக்கு ஐந்து பங்கு மணல் போதும். சுண்ணாம்புச் சுவருக்கு மட்டும் பிளாஸ்டிக் பெயின்ற் அடிக்காமல் வெள்ளைச் சுண்ணாம்பே அடியுங்கள். பெயின்ற் படலமும் சீமெந்தைப் போலவே ஈரத்தை அடைத்துவிடும்.