பால் பைதான் சட்டைச் சோதனை: எப்போது காசு கொடுக்கலாம்?

செல்லமாக வளர்க்கும் பால் பைதான் (ball python) என்ற மலைப்பாம்பு உரித்துப் போட்ட சட்டையில் இரண்டங்குலம் வெட்டி அனுப்பினால் போதும், அது எந்த ஜீனை மறைத்து வைத்திருக்கிறது என்று சொல்லிவிடுகிறார்கள். அமெரிக்காவில் ரேர் ஜெனடிக்ஸ் போன்ற ஆய்வகங்கள் தரும் இந்தச் சேவை, "66% ஹெட்" (ஒரு ஜீனை வெளியே தெரியாமல் ஒற்றைப் பிரதியாகச் சுமக்க 66% வாய்ப்பு) என்று வாங்கிய பெண் குட்டிக்குக் கட்டாயம் தேவை.

அல்பினோ, அதாவது கருநிறமி இல்லாத நிறவகை, ஒடுங்கு பண்பு: தாய், தந்தை இருவரிடமிருந்தும் ஜீன் வந்தால்தான் உடம்பில் தெரியும். இரண்டு ஹெட் பாம்புகளை இணைத்தால் சராசரியாக நாலில் ஒன்று அல்பினோ. சாதாரணமாகத் தெரியும் மற்ற மூன்றில் இரண்டு ஹெட். எவை என்று கண்ணால் பிரிக்கவே முடியாது. அந்த 66% இதுதான். இணைத்துப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம் என்றால், பெண் இணைக்க ஏற்ற 1,500 கிராம் எடையை எட்டவே மூன்று வருடம் ஆகிவிடும். அதன் பிறகும் சந்தேகம் தீராது. ஆணும் ஹெட்டாக இருந்தால், பெண் உண்மையிலேயே ஹெட் என்றாலும் ஓர் ஈட்டில் ஆறு முட்டையும் சாதாரணமாகப் பொரிய 18% வாய்ப்பு உண்டு. அல்பினோ ஆண் என்றால் அது 1.6%தான்.

சோதனை சறுக்கும் இடம் ஒன்று இருக்கிறது. 2022-இல் வெளியான ஆய்வு, அல்பினோவுக்கு டைரோசினேஸ் என்ற நிறமி ஜீனில் மூன்று வெவ்வேறு மாற்றங்களைக் காட்டியது. லாவெண்டர் அல்பினோ என்ற இன்னொரு வெளிர்நிற வகைக்குக் காரணம் முற்றிலும் வேறு ஜீன், ஓசிஏ2. இந்த இரண்டையும் இணைத்தால் குட்டிகள் எல்லாமே சாதாரணமாகத்தான் வரும். ஆகவே "அல்பினோ இல்லை" என்ற முடிவு லாவெண்டரைப் பற்றி ஒன்றுமே சொல்வதில்லை. மூன்று மாற்றங்களையும் பார்க்கிறார்களா என்று பணம் கட்டுமுன் கேட்டுவிடுங்கள்.

பாஸ்டல், ஸ்பைடர் போன்ற நிறவகைகள் எல்லாம் ஜீனின் ஒரே பிரதியிலேயே உடம்பில் தெரிந்துவிடும். பெரும்பாலும் அவற்றுக்குச் சோதனை வேண்டாம். ஸ்பைடரின் தலைநடுக்கம் அந்த ஜீனோடு ஒட்டியே வருகிறது. எவ்வளவு அழகான கலவை கிடைத்தாலும் ஸ்பைடரை இணைக்கவே கூடாது.

மாதிரி எடுப்பதில்தான் பலர் கெடுத்துக்கொள்கிறார்கள். ஈரச் சட்டையை அப்படியே பிளாஸ்டிக் பையில் அடைத்தால் பூஞ்சை பிடித்து டிஎன்ஏ சிதைந்துவிடும். நிழலில், தாளின் மேல் மொறமொறவென்று காயவிட்டுக் காகித உறையில் போடுங்கள். ஒவ்வொரு பாம்புக்கும் கத்தரியைக் கழுவித் துடையுங்கள். குட்டிகள் பொரிந்து ஒன்றிரண்டு வாரத்தில் முதல் சட்டை உரிக்கும். அதற்குள் ஒவ்வொன்றையும் தனி டப்பாவுக்கு மாற்றி எண் ஒட்டிவிடுங்கள். ஒன்றாகக் கிடந்தால் எந்தச் சட்டை எந்தக் குட்டியுடையது என்று எந்த ஆய்வகத்தாலும் சொல்ல முடியாது.