பியானோ இல்லாத மேடை: சன்னி ரோலின்ஸின் வில்லேஜ் வேன்கார்ட் பதிவுகள், ஒரு நீண்டகால அனுபவம்

1957 நவம்பர் 3 அன்று, நியூயார்க்கின் வில்லேஜ் வேன்கார்ட் என்ற நிலவறை அரங்கில், பேஸும் (தாழ்ந்த சுருதியில் ஒலிக்கும் பெரிய தந்திக் கருவி) டிரம்ஸும் மட்டுமே துணையிருக்க, ஜாஸ் கலைஞர் சன்னி ரோலின்ஸ் டெனர் சாக்ஸபோன் வாசித்ததைப் புளூ நோட் இசைத்தட்டு நிறுவனத்துக்காக ரூடி வான் கெல்டர் பதிவு செய்தார். அந்தப் பதிவுகளைப் பல ஆண்டுகளாகத் திரும்பத் திரும்பக் கேட்டு வருகிறேன். ஜாஸுக்குப் புதியவர்களும் தயங்காமல் கேட்கலாம். ஆனால் பேஸ் தெளிவாக ஒலிக்கும் கருவியில் கேட்க வேண்டும் என்பதே என் ஒரே நிபந்தனை.

இதற்குக் காரணம் உண்டு. வழக்கமாகப் பியானோதான் கார்டுகளை (ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டங்களை) ஒலித்து, பாட்டு இப்போது எந்த இடத்தில் நிற்கிறது என்று காட்டிக்கொண்டே வரும். இங்கே பியானோ இல்லாததால் அந்தப் பொறுப்பு பெரும்பாலும் பேஸ் வாசிக்கும் வில்பர் வேர் மீது விழுகிறது. கைபேசியின் சிறிய ஒலிபெருக்கியில் அவர் காணாமல் போய்விட, ரோலின்ஸ் பிடிமானமின்றி அலைவது போலத் தோன்றும். அதே பாட்டை நல்ல ஹெட்ஃபோனில் கேட்டால், ரோலின்ஸ் எங்கே கார்டோடு ஒட்டிப் போகிறார், எங்கே வேண்டுமென்றே விலகித் திரும்புகிறார் என்பது தெளிவாகும். பதிவு மோனோ, அதாவது இடம் வலம் பிரிக்காத ஒற்றை ஒலித்தடம் என்பதால் மூன்று கருவிகளும் நடுவிலிருந்தே வரும். ஸ்டீரியோவுக்குப் பழகிய காதுக்கு முதலில் இது நெருக்கமாகப் படும், பிறகு பழகிவிடும்.

நான் அதிகம் கேட்டது 'சன்னிமூன் ஃபார் டூ'. மேலிருந்து இறங்கும் ஒரு சிறிய இசைத்தொடர், 12 பார் (தாள அளவுகள்) கொண்ட புளூஸ் வடிவத்தில் மூன்று முறை வருகிறது, மெட்டு அவ்வளவுதான். அதிலிருந்து இரண்டு மூன்று சுரங்களை எடுத்து, தாளத்தில் இடம் மாற்றி வைத்து, நீட்டிக் குறுக்கி ரோலின்ஸ் வளர்க்கும்போது, எல்வின் ஜோன்ஸின் டிரம்ஸ் பின்னணியாக ஒதுங்காமல் வாக்கியத்துக்கு வாக்கியம் பதில் சொல்கிறது. கற்பனைச் சுரங்களை ரசிக்கத் தெரிந்தவர்களுக்கு இந்தப் பாட்டில் நுழைய வேறு வழிகாட்டி தேவைப்படாது.

1958இல் வெளிவந்த முதல் எல்பி இசைத்தட்டில் ஆறு பாட்டுகளே இருந்தன. பின்னர் வந்த விரிவான பதிப்பையே பரிந்துரைப்பேன், ஏனெனில் அதில் 'சாஃப்ட்லி, ஆஸ் இன் எ மார்னிங் சன்ரைஸ்' என்ற பாட்டு இரண்டு முறை வருகிறது. ஒரே மனிதர் ஒரே இரவில் ஒரே பாட்டை எவ்வளவு வேறாக யோசிக்கிறார் என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம். எல்லாவற்றையும் ஒரே அமர்வில் கேட்டால் மட்டும் காது களைத்துவிடும். மூன்று நான்கு பாட்டுகளோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

2001 செப்டம்பர் 15 அன்று பாஸ்டனில் பதிவான ரோலின்ஸின் கச்சேரியும் என்னிடம் உண்டு. உலக வர்த்தக மையத்துக்கு அருகிலிருந்த குடியிருப்பை விட்டு வெளியேற்றப்பட்ட சில நாட்களில் அவர் வாசித்தது அது. பியானோவும் டிராம்போனும் சேர்ந்த பெரிய குழு என்பதால், வேன்கார்ட் பதிவின் திறந்த வெளி அதில் இல்லை. அவருடைய தொனியின் வலிமை மட்டும் குறையவே இல்லை. இரண்டில் ஒன்றைத்தான் வாங்க முடியும் என்றால், 1957ஐ வாங்குங்கள்.