கோபக்கார இளைஞர்களில் யாருடைய அடி வலுவானது?

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய பிரிட்டனில் 'கோபக்கார இளைஞர்கள்' (Angry Young Men) என்று அழைக்கப்பட்ட கலக எழுத்தாளர்கள் என்றதும் முதலில் வரும் பெயர் ஜான் ஆஸ்பர்ன். அவருடைய 'லுக் பேக் இன் ஆங்கர்' 1956 மே 8 அன்று லண்டன் ராயல் கோர்ட் அரங்கில் மேடையேறியது. நாயகன் ஜிம்மி போர்ட்டர் பல்கலைக்கழகம் வரை படித்தவன், பிழைப்புக்கு மிட்டாய்க் கடை நடத்துகிறான். மேட்டுக்குடியையும் திருச்சபையையும் ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைகளையும் விளாசித் தள்ளுகிறான். அந்தப் பேச்சின் வேகம் அபாரம். ஆனால் அடி யார்மேல் விழுகிறது? நண்பன் க்ளிஃபோடு மல்லுக்கட்டும்போது வேண்டுமென்றே அவனை இஸ்திரிப் பலகைமேல் தள்ளுகிறான். துணி தேய்த்துக்கொண்டிருந்த மனைவி அலிசனின் கை சுட்டுவிடுகிறது. அவள் பிரிந்துபோன பிறகு அதே பலகை முன்னால் அவளுடைய தோழி ஹெலினா நிற்கிறாள். கர்னலின் மகளான அலிசனைக் கட்டிக்கொண்டு வந்து வறுத்தெடுப்பதை வர்க்க எதிர்ப்பு என்று என்னால் ஏற்க முடியவில்லை.

ஆலன் சில்லிட்டோ 14 வயதில் பள்ளியை விட்டு நாட்டிங்ஹாம் ராலே சைக்கிள் ஆலைக்குப் போனவர். 1958இல் வந்த அவருடைய 'சாட்டர்டே நைட் அண்ட் சண்டே மார்னிங்' நாவலின் நாயகன் ஆர்தர் சீட்டனும் சைக்கிள் ஆலையில் லேத் ஓட்டுகிறான். பீஸ் ரேட் கூலி, அதாவது செய்து முடிக்கும் உருப்படிக்கு இவ்வளவு என்று கணக்கு. அதிகம் செய்து காட்டினால் ரேட்டைக் குறைத்துவிடுவார்கள் என்று கைவேகத்தை அளந்து அடக்கிவைக்கிறான். உள்ளே வியர்வை சிந்தியவர் எழுதினால்தான் இந்தச் சூட்சுமம் வரும். ஜான் பிரெய்னின் 'ரூம் அட் த டாப்' நாவலின் நாயகன் ஜோ லாம்ப்டனோ கடைசியில் பணக்கார வீட்டு மாப்பிள்ளை ஆகிவிடுகிறான். அவனுக்கு வேண்டியது அந்த வீட்டில் ஓர் இடம், அவ்வளவுதான்.

பட்டியலில் கடைசியாகச் சொல்லப்படும் ஷீலா டெலானியைத்தான் நான் முதலில் வைப்பேன். சால்ஃபோர்டின் தொழிலாளர் வீட்டுப் பெண். அவர் எழுதிய 'எ டேஸ்ட் ஆஃப் ஹனி' 1958 மே மாதம் மேடையேறியபோது வயது 19. பள்ளி மாணவி ஜோவை விட்டுவிட்டு அம்மா ஹெலன் ஓர் ஆணோடு போய்விடுகிறாள். கறுப்பின மாலுமி ஒருவனால் ஜோ கர்ப்பமாகிறாள். அவளுக்குச் சமைத்துப்போட்டு, வீட்டைப் பெருக்கி, பிறக்கப்போகும் குழந்தைக்கும் வேண்டியதைப் பார்ப்பவன் ஜெஃப், தன்பாலீர்ப்பு கொண்டவன். ஆண்களுக்கிடையிலான உறவு இங்கிலாந்தில் 1967 வரை குற்றம். நாடகங்களுக்கு 1968 வரை அரசுத் தணிக்கை வேறு. அந்தக் காலத்தில், பிரசங்கம் எதுவும் இல்லாமல், இவர்களைச் சாதாரண மனிதர்களாகக் குடித்தனம் நடத்தவிட்டார் டெலானி. ஜிம்மி நாடகம் முழுக்கக் கத்தியும் தொடாத இடம் இது.

சரி, எதில் தொடங்கலாம்? டெலானியைப் படியுங்கள். 1961இல் டோனி ரிச்சர்ட்சன் எடுத்த படமும் நல்ல நுழைவாயில். அப்புறம் சில்லிட்டோ. ஆஸ்பர்னை மட்டும் நல்ல நடிகர் மேடையில் பேசக் கேளுங்கள்.