கார் சர்வீஸுக்கு ஷோரூமா, வெளி மெக்கானிக்கா? அதற்கு முன்னால், எந்த ஷோரூம்?

மாருதியோ ஹூண்டாயோ டாடாவோ, வாசலில் கம்பெனி போர்டு இருந்தாலும் உள்ளே ஒர்க்‌ஷாப்பை நடத்துவது பெரும்பாலும் உள்ளூர் டீலர்தான். மெக்கானிக்குக்குச் சம்பளம் கொடுப்பதும் சர்வீஸ் அட்வைசருக்கு டார்கெட் வைப்பதும் அவரே. ஒரே ஊரில் ஒரே கம்பெனியின் இரண்டு சர்வீஸ் சென்டர்களுக்குள் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் வருவது இதனால்தான். வண்டி வாங்கிய இடத்திலேயே சர்வீஸும் செய்தாக வேண்டும் என்று பலர் நம்புகிறார்கள். அப்படி இல்லை. இலவச சர்வீஸையும் வாரன்டியையும் அதே கம்பெனியின் வேறு டீலரிடமும் கேட்டு வாங்கலாம்.

நல்ல டீலரை எப்படிக் கண்டுபிடிப்பது? ஏசி லவுஞ்சைப் பார்க்காதீர்கள், செய்யப்போகும் வேலைகளை எழுதும் ஜாப் கார்டைப் பாருங்கள். 20,000 கி.மீ. சர்வீஸுக்கு வண்டியை விடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மோசமான இடத்தில் அட்வைசர் பானெட்டைக்கூடத் திறக்காமல் த்ராட்டில் பாடி கிளீனிங், இன்ஜின் டீகார்பனைசிங், ஏசி டிஸ்இன்ஃபெக்டன்ட், அண்டர்பாடி கோட்டிங் என்று எழுதிக்கொண்டே போவார். ஓனர்ஸ் மேனுவலில் உள்ள பராமரிப்பு அட்டவணையோடு ஒப்பிட்டால் இவற்றில் பெரும்பாலானவை அதில் இருக்காது. புது கார் விற்பதில் டீலருக்கு மார்ஜின் குறைவு. சர்வீஸும் ஸ்பேரும்தான் அவருக்குக் கை கொடுக்கின்றன. அந்த அழுத்தம் அட்வைசர் வழியாக நம் பில்லில் வந்து இறங்குகிறது.

நல்ல இடத்தில் வண்டியை லிஃப்டில் ஏற்றி, வீலைக் கழற்றி, பிரேக் பேடில் எவ்வளவு மிச்சம் என்று அளந்து காட்டுவார்கள். புது பேட் சுமார் 10 மி.மீ. இருக்கும், 3 மி.மீ.க்கு வந்துவிட்டால் மாற்ற வேண்டும். “இன்னும் அஞ்சு மில்லி இருக்கு சார், அடுத்த சர்வீஸ்ல பாத்துக்கலாம்” என்று சொல்லும் அட்வைசர் கிடைத்தால் விடாதீர்கள். அவர் வேறு கிளைக்கு மாறினால் வண்டியை அங்கேயே கொண்டுபோகலாம்.

சரி, வெளி மெக்கானிக்? அவரிடம் லேபர் குறைவு என்பது தெரிந்ததே. அதைவிடப் பெரிய லாபம், வண்டிக்கு அடியில் படுத்து வேலை பார்த்தவரிடமே நேராகப் பேச முடிவது. ஷோரூமில் சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்மை மொத்தமாக மாற்றச் சொல்லும் இடத்தில், அவர் அதிலுள்ள ரப்பர் புஷ்ஷை மட்டும் மாற்றி முடித்துவிடுவார். சஸ்பென்ஷன், பிரேக், கிளட்ச் வேலைகளுக்கு, வாரன்டி முடிந்த வண்டி என்றால், என் ஓட்டு அவருக்குத்தான். கவனிக்க வேண்டியது ஸ்பேர். சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு மாதிரி கடைத்தெருவில் ஒரே ஃபில்டர் பல தரத்தில், பல விலையில் கிடைக்கும். எது போடுகிறார் என்று டப்பாவோடும் பில்லோடும் கேட்டு வாங்குங்கள்.

அவர் தடுமாறும் இடம் எலெக்ட்ரானிக்ஸ். டிசிடி எனப்படும் இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், ஏர்பேக் லைட், கண்ணாடியில் கேமரா வைத்த வண்டிக்கு விண்ட்‌ஷீல்டு மாற்றிய பிறகு செய்யும் கேலிபரேஷன், இவற்றுக்கெல்லாம் கம்பெனி ஸ்கேனரும் சாஃப்ட்வேரும் வேண்டும். குறையுள்ள பாகத்தை மாற்ற கம்பெனியே வண்டிகளைத் திரும்ப அழைக்கும் ரீகாலும் அப்படியே. 2023 ஜனவரியில் ஏர்பேக் கன்ட்ரோலருக்காக மாருதி 17,362 கார்களைத் திரும்ப அழைத்தபோது, அங்கீகாரம் பெற்ற ஒர்க்‌ஷாப்பில்தான் இலவசமாக மாற்றித் தந்தார்கள்.

பாஷ் கார் சர்வீஸ், மைடிவிஎஸ் போன்ற மல்டி பிராண்ட் இடங்கள் நடுவில் நிற்கின்றன. அங்கேயும் நடத்துபவரைப் பொறுத்துத்தான் தரம்.

வெளியே போனால் வாரன்டி போய்விடும் என்ற பயம் இன்னும் இருக்கிறது. இந்தியப் போட்டி ஆணையம் (சிசிஐ) 2014 ஆகஸ்டில் 14 கார் கம்பெனிகளுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. வெளி மெக்கானிக்குகளுக்கு ஸ்பேர் தர வேண்டும், வெளியே ரிப்பேர் செய்த ஒரே காரணத்துக்காக வாரன்டியை முழுதாக ரத்து செய்யக் கூடாது என்றும் அதே உத்தரவு சொன்னது. கம்பெனிகள் அப்பீலுக்குப் போயின. நடைமுறையில் கிளெய்ம் நேரத்தில் வாக்குவாதம் செய்யத் தெம்பு வேண்டும் என்பதால், வாரன்டி முடியும்வரை டீலரிடமே இருப்பதுதான் நிம்மதி. மாருதி 2024-ல் வாரன்டியை 3 வருடம் அல்லது 1 லட்சம் கி.மீ. ஆக்கிய பிறகு அந்தக் காலமும் நீண்டிருக்கிறது. விற்கும்போது டீலரிடம் உள்ள சர்வீஸ் ஹிஸ்டரி விலையைத் தாங்கிப் பிடிக்கும். ஓடோமீட்டரைத் திருப்பவில்லை என்பதற்கு அதுவே சாட்சி.

2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்ததும் டீலர்கள் குறைந்தார்கள். சென்னைக்கு அருகே மறைமலை நகர் ஃபோர்டு ஆலையில் செய்த வண்டியை வைத்திருப்பவர்கள்கூட நல்ல மெக்கானிக்கைத் தேடி அலைய வேண்டி வந்தது. வண்டியில் குறையில்லை, பார்த்துக்கொள்ள ஆள் இல்லை.

அதனால் சிறிய ஊரில் இருப்பவர் டிசிடி வண்டிக்கு முன்பணம் கட்டுவதற்கு முன், பக்கத்தில் உள்ள அந்தக் கம்பெனி ஒர்க்‌ஷாப்புக்கு ஒரு சனிக்கிழமை மாலை போகட்டும். டெலிவரி எடுக்க நிற்பவர்களிடம் இரண்டு கேள்வி போதும்: எஸ்டிமேட்டுக்கும் பில்லுக்கும் எவ்வளவு வித்தியாசம்? அதே கோளாறுக்கு இது எத்தனையாவது தடவை?