பையனுக்கு ஃபேட்டி லிவரா? நாங்கள் எஸ்.ஜி.பி.டி.யைப் பிடித்துக்கொண்ட கதை

என் பையனுக்கு 11 வயது. கழுத்தின் பின்பக்கம் கறுத்திருந்ததை அழுக்கு என்று நினைத்துத் தேய்த்துத் தேய்த்துக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். குழந்தை டாக்டர் பார்த்துவிட்டு, "அது அழுக்கில்லம்மா, இன்சுலின் சரியா வேலை செய்யலங்கிறதுக்கு அடையாளம். எடையும் அதிகமா இருக்கு, லிவர்ல கொழுப்பு படிஞ்சு ஃபேட்டி லிவர் ஆகியிருக்கான்னும் பாத்துடலாம்" என்றார்.

எந்த டெஸ்ட் என்று கேட்டுத் தேடியதில் நான்கைந்து பெயர் கிடைத்தன. எஸ்.ஜி.ஓ.டி. தசையிலும் சிவப்பணுவிலும்கூட இருக்கும் நொதி. பையன் கபடி ஆடிவிட்டு வந்தாலும் ஏறும், குழாயில் ரத்த அணு உடைந்தாலும் ஏறும். ஜி.ஜி.டி. இன்னொரு கல்லீரல் நொதி; நல்ல துணைச்சாட்சி, தனியாக நிற்காது. சி.கே.-18 என்பது சாகும் கல்லீரல் செல் உதிர்க்கும் புரதத் துணுக்கு; ஆராய்ச்சிகளில்தான் அதிகம் அடிபடுகிறது. நாங்கள் எடுக்கவில்லை, அதனால் அதைப் பற்றி மேலே பேச மாட்டேன்.

கல்லீரலில் தழும்பு விழுந்திருக்குமா என்று ரத்த முடிவுகளை வைத்துக் கணிக்கும் ஃபிப்-4 கணக்கில் மட்டும் ஏமாந்தேன். வயதையும் எஸ்.ஜி.ஓ.டி.யையும் பெருக்கி, தட்டணு எண்ணிக்கையாலும் எஸ்.ஜி.பி.டி.யின் வர்க்கமூலத்தாலும் வகுப்பார்கள். பையனுக்கு 0.2 வந்தது. பெரியவர்களுக்கு 1.3-க்குக் கீழ் என்றால் தழும்பு இருக்க வாய்ப்பு குறைவு, அப்பாடா என்றிருந்தது. பிறகுதான் உறைத்தது: அதே ரத்தம் 55 வயதுக்காரருடையதாக இருந்தால் விடை 1.0. வயதை வைத்துப் பெருக்கும் கணக்கில் அநேகமாக எந்தக் குழந்தையும் பாஸ்தான்!

மிச்சம் எஸ்.ஜி.பி.டி. கல்லீரல் செல் அடிபட்டால் ரத்தத்தில் ஏறும் நொதி; ஏ.எல்.டி. என்றும் எழுதுவார்கள். விலை குறைவு, எந்த லேபிலும் உண்டு, அதற்கு மட்டும் என்றால் வெறும் வயிறு தேவையில்லை. ஆனால் இதன் பயன் முழுக்க ஒரே இடத்தில் இருக்கிறது: எந்த மேல்வரம்பை வைத்துப் படிக்கிறோம் என்பதில். பையனுக்கு 38. லேப் தாளில் '45 வரை' என்று அச்சடித்திருந்தது. தடித்த எழுத்துகூட இல்லை. நான் மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன். டாக்டர்தான் வாங்கிப் பார்த்து 38-ஐச் சுற்றி வட்டம் போட்டார். ஆரோக்கியமான எடையுள்ள அமெரிக்கப் பிள்ளைகளை வைத்து 2010-இல் வெளியான ஆய்வில் மேல்வரம்பு பையன்களுக்கு 25.8, பெண்களுக்கு 22.1 என்று வந்தது. அப்போது அங்கே குழந்தை மருத்துவமனை லேப்களிலேயே மேல்வரம்பின் நடுமதிப்பு 53! வட அமெரிக்கக் குழந்தைகள் குடல், கல்லீரல் மருத்துவர் சங்கத்தின் 2017 வழிகாட்டுதலும் 26, 22 என்றே வைத்திருக்கிறது. இதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் மூன்று மாதம் தாண்டியும் நின்றால் காரணத்தைத் துருவிப் பார்க்கச் சொல்கிறது. 80-ஐத் தொட்டால் இன்னும் கவனம்.

குறையும் உண்டு. கொழுப்பு இருந்தும் எஸ்.ஜி.பி.டி. சரியாக வரலாம். ஏறியிருந்தாலும் ஹெபடைட்டிஸ், வில்சன் நோய், மாத்திரை என்று வேறு காரணம் இருக்கலாம். அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுத்தால் போதாதா என்று என் மாமியார் கேட்டார். லேசான கொழுப்பை அது தவறவிடும்.

எங்களுக்கு 26-இன் இரண்டு மடங்கான 52-க்குக் கீழே என்பதால் ஜூஸ், பாட்டில் பானம், பேக்கரி எல்லாவற்றையும் நிறுத்தி, சாயங்காலம் ஓட விட்டோம். நான்கு மாதம் கழித்து, வேண்டுமென்றே அதே லேபில் கொடுத்தோம். எடை ஏறவில்லை, உயரம் இரண்டு சென்டிமீட்டர் கூடியிருந்தது, எஸ்.ஜி.பி.டி. 31. தாளில் மறுபடி '45 வரை' என்றே இருந்தது. அதை அடித்துவிட்டுப் பக்கத்தில் பேனாவால் 26 என்று எழுதி ஃபைலில் வைத்தேன்.