பேர் போன போன் ஊரில் ஒரு ராத்திரி

ஊரின் பெயரைச் சொன்னதும் அம்மா, "போனா? எங்க போன?" என்று கேட்டாள். பிரெஞ்சுக்காரர்கள் எழுதுவது என்னவோ நீளமாகத்தான் எழுதுகிறார்கள், வாயில் வருவது வெறும் 'போன்'. பர்கண்டிப் பகுதியில், திஜோனுக்குத் தெற்கே இருக்கும் பழைய ஊர். சுற்றிலும் திராட்சைத் தோட்டம், நடுவில் கோட்டை மதில், அதற்குள் அரை மணி நேரத்தில் நடந்து முடித்துவிடக்கூடிய தெருக்கள்.

நாங்கள் பாரிஸிலிருந்து அவிஞ்ஞோனுக்குக் காரில் போய்க்கொண்டிருந்தோம். ஏறக்குறைய 700 கிலோமீட்டர். இவர் ஒரே மூச்சில் ஓட்டிவிடலாம் என்றார். அம்மாவின் முழங்கால் மூன்று மணி நேரத்துக்கு மேல் மடங்கி இருக்காது. பாரிஸிலிருந்து 300 கிலோமீட்டரைக் கொஞ்சம் தாண்டினால் போன். ஏ6 நெடுஞ்சாலையை விட்டு இறங்கினால் ஊர் பக்கத்திலேயே வந்துவிடுகிறது. வழியில் தங்க இதைவிட வசதியான இடம் அந்தப் பாதையில் எனக்குத் தெரிந்து இல்லை. வெள்ளி மதியம் போய்ச் சேர்ந்து சனி மதியம் கிளம்பினோம். அந்த ஒரு நாளைப் பற்றித்தான் இது.

முதலில் குறையைச் சொல்லிவிடுகிறேன். மதிலுக்குள்ளேயே ஒரு பழைய வீட்டில் அறை எடுத்திருந்தோம். மூன்று பேருக்குக் காலை உணவோடு 135 யூரோ. முன்பதிவு செய்யும்போதே "வயதானவர் வருகிறார், மாடி ஏற முடியாது" என்று எழுதியிருந்தேன், சரி என்று பதிலும் வந்தது. போய்ப் பார்த்தால் இரண்டாவது மாடி. லிஃப்ட் கிடையாது. கல்லாலான சுருள் படிக்கட்டு, ஒவ்வொரு படியும் நடுவில் தேய்ந்து கிண்ணம் மாதிரி குழிந்திருந்தது. கேட்டால், "ஆனால் படிக்கட்டு பழமையானது, அழகாக இருக்கிறதே" என்று பதில். அம்மா ஒரு கையில் கம்பியையும் மறு கையில் மாப்பிள்ளையின் தோளையும் பிடித்துக்கொண்டு ஏறினாள். "இவ்வளவு அழகு எனக்கு வேண்டாம்" என்றாள் பாதி வழியில். அறை நன்றாகத்தான் இருந்தது. தடித்த சுவர், வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே குளிர்ச்சி. ஆனால் வயதானவர்களோடு போகிறவர்கள் எந்த மாடி என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பழைய ஊர் என்றாலே படிக்கட்டுதான்.

இரண்டாவது குறை என் மேலேயே. இரண்டு மணி பத்து நிமிடத்துக்குச் சாப்பிடப் போனோம். சமையலறை மூடியாகிவிட்டது, இனி ஏழு மணிக்குத்தான் என்றார்கள். இந்த நாட்டில் இத்தனை வருடம் இருந்தும் நான் இதை மறந்தது தப்பு. ஒரு பேக்கரி காப்பாற்றியது. அங்கே கூஜேர் என்று ஒன்று வைத்திருந்தார்கள், பர்கண்டிக்காரர்களின் பண்டம். சீஸ் கலந்த மாவை உருட்டிச் சுட்டது, வெளியே பொன்னிறம், பிய்த்தால் உள்ளே காற்று. அம்மா கறி தொடமாட்டாள், முட்டை சாப்பிடுவாள். ஆறு வாங்கினோம், நாலு அவள் கணக்கு. சதுக்கத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, எதிரே ராட்டினத்தில் குழந்தைகள் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டாள்.

நாலரைக்கு ஓத்தெல் தியூ. போனுக்கு எல்லோரும் வருவதே இதற்காகத்தான். தெருவிலிருந்து பார்த்தால் ஒன்றுமே இல்லை. சாம்பல் நிறக் கூரை, சாதாரணச் சுவர். "இதுக்கா டிக்கெட்?" என்று அம்மா என்னைப் பார்த்தாள். உள்முற்றத்துக்குள் காலை வைத்ததும் பேச்சு நின்றுவிட்டது. சிவப்பு, பழுப்பு, மஞ்சள், பச்சை என்று மெருகேற்றிய ஓடுகள், கோலம் போட்ட மாதிரி கட்டம் கட்டமாகக் கூரை முழுக்க. மாலை வெயில் சாய்வாக விழும்போது ஓடுகள் எண்ணெய் தடவியது போல மின்னுகின்றன. இப்போது நாம் பார்க்கும் ஓடுகள் 1900களின் தொடக்கத்தில் புதிதாக வேய்ந்தவை என்பதைப் பிறகுதான் படித்தேன். படித்த பிறகும் அழகு குறையவில்லை. மதியத்தில் போகாமல் மாலையில் போங்கள், வெளிச்சமும் நன்றாக இருக்கும், பேருந்துக் கூட்டமும் கொஞ்சம் கலைந்திருக்கும்.

இது அரண்மனை இல்லை, ஏழைகளுக்கான ஆஸ்பத்திரி. நூறாண்டுப் போரின் கடைசிக் காலத்தில் இந்தப் பக்கமெல்லாம் கொள்ளையும் பஞ்சமுமாகக் கிடந்தபோது, பர்கண்டிப் பிரபுவின் தலைமை அமைச்சர் நிக்கோலா ரோலனும் அவர் மனைவி கிகோனும் 1443இல் இதை நிறுவினார்கள். முதல் நோயாளி 1452 ஜனவரி 1 அன்று வந்தார். அன்று தொடங்கி 1971 வரை இது ஆஸ்பத்திரியாகவே நடந்திருக்கிறது. "1971ன்னா உங்க அக்கா பொறந்த வருஷம்ல்லா" என்றாள் அம்மா. அவளுக்கு அப்போதுதான் அந்த இடம் பக்கத்தில் வந்தது.

ஏழைகளின் பெருங்கூடம் 50 மீட்டர் நீளம். கவிழ்த்துப் போட்ட படகு மாதிரி மரக்கூரை, குறுக்கு உத்தரங்கள் ஒவ்வொன்றும் யாளி போன்ற பிராணிகளின் வாயிலிருந்து வெளியே வருகின்றன. இரு பக்கமும் வரிசையாகக் கட்டில், சிவப்புத் திரை. ஒரு கட்டிலுக்கு இரண்டு நோயாளிகள் என்று கணக்காம். கோடியில் தேவாலயம், படுத்த இடத்திலிருந்தே பூசை பார்க்கலாம். அம்மா அங்கே போட்டிருந்த இருக்கையில் உட்கார்ந்துவிட்டாள். ஆடியோ வழிகாட்டியில் தமிழ் இல்லை, அதனால் நான் கேட்டுக் கேட்டுச் சொன்னேன்.

தரை ஓடுகளில் ஒரு பிரெஞ்சுச் சொல்லும் நட்சத்திரமும் திரும்பத் திரும்ப வருகின்றன. 'ஒருத்தி மட்டுமே' என்று அர்த்தம், கிகோன்தான் தன் ஒரே நட்சத்திரம் என்று ரோலன் போட்டுக்கொண்ட குறி. சொன்னேன். கூடவே அவர் ரோலனின் மூன்றாவது மனைவி என்பதையும் சொல்லித் தொலைத்தேன். "மூணாவதுக்குப் போயி ஒருத்தி மட்டும்னு எழுதி வச்சிருக்கானா" என்று அம்மா சிரித்த சிரிப்பில் முன்னால் நின்ற ஜெர்மன் தம்பதி திரும்பிப் பார்த்தார்கள்.

மருந்துக் கூடத்தில்தான் எங்களுக்கு அதிக நேரம் ஆனது. பீங்கான் ஜாடியும் கண்ணாடிக் குடுவையுமாக அலமாரி முழுக்க. ஈரக்கல்லைப் புரட்டினால் சுருண்டுகொள்ளுமே ஒரு பூச்சி, அதன் பொடி ஒரு குடுவையில். இன்னொன்றில் நன்னீர் நண்டு இனம் ஒன்றின் 'கண்'. கண் என்று பேர்தான், உண்மையில் அதன் வயிற்றில் உண்டாகும் சுண்ணாம்புக் கட்டி. பிறகு ஒரு குடுவையில் நக்ஸ் வாமிக்கா பொடி என்று போட்டிருந்தது. எனக்கு விளங்கவில்லை. கைப்பேசியில் தேடி விதையின் படத்தைக் காட்டினேன். தட்டையாக, சட்டைப் பொத்தான் மாதிரி. அம்மா கண்ணாடியைத் தூக்கி வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"ஏட்டி, இது எட்டிக்கொட்டைல்லா? வெசமாச்சே!"

எட்டிக்கொட்டைதான். நம் பக்கத்து மரம். எங்கேயோ கடல் தாண்டி வந்து பர்கண்டியில் ஒரு ஆஸ்பத்திரிக் குடுவையில் உட்கார்ந்திருக்கிறது. எங்கள் தாத்தா வீட்டுக் கிணற்றடிக்குப் பின்னால் ஒரு எட்டி மரம் நின்றதாம், அதன் பழத்தைத் தொட்டதற்கு வாங்கிய அடி பற்றியெல்லாம் அம்மா அங்கேயே நின்று சொல்ல ஆரம்பித்துவிட்டாள். முழங்கால் வலி எங்கே போனதோ.

கடைசி அறையை இருட்டாக வைத்திருக்கிறார்கள். ரோஜியர் வான் டெர் வெய்டன் வரைந்த இறுதித் தீர்ப்பு ஓவியம் அங்கே இருக்கிறது. மடக்கிமூடும் பலகைகளில் 1440களில் வரைந்தது. முன்பு பெருங்கூடத்தின் கோடியில் இருந்ததாம். ஞாயிற்றுக்கிழமையும் விசேஷ நாளும் மட்டும் திறந்து வைப்பார்களாம், கட்டிலில் கிடப்பவர்கள் பார்க்க. நடுவில் மிக்கேல் தூதர் தராசோடு நிற்கிறார். பாவத்தின் தட்டு கீழே இறங்கியிருக்கிறது. நரகத்துக்குப் போகிறவர்களை இழுக்கப் பேய் பிசாசு ஒன்றும் இல்லை, அவர்களே தடுமாறி விழுகிறார்கள். காய்ச்சலில் கிடக்கிற ஏழைக்கு இதைக் காட்டுவது என்ன வைத்தியமோ. ஓவியத்துக்கு முன்னால் ஒரு பெரிய பூதக்கண்ணாடி மெல்ல நகர்ந்து ஒவ்வொரு பகுதியாகப் பெரிதாக்கிக் காட்டுகிறது. தராசுத் தட்டில் இருக்கும் ஆளின் முகம் கண்ணாடிக்குள் வந்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

"சித்திரகுப்தன் கணக்கு" என்றாள் அம்மா. ரோலனைப் பற்றிப் பிரான்ஸ் மன்னர் பதினோராம் லூயி சொன்னதாக ஒரு பேச்சு உண்டு: இத்தனை பேரை ஏழையாக்கியவன் அவர்களுக்கு ஒரு வீடு கட்டுவதுதான் நியாயம் என்று. அதைச் சொன்னதும் அவள், "எட்டி பழுத்தென்ன, ஈயாதார் வாழ்ந்தென்னன்னு சொல்லுவாங்க. இவன் ஈஞ்சிட்டான், போகட்டும்" என்று வழக்கை முடித்துவைத்தாள்.

ராத்திரிச் சாப்பாடு சுமார். பர்கண்டியின் பேர்பெற்ற பண்டம் எதுவும் கறி இல்லாமலோ ஒயின் இல்லாமலோ வராது. சிவப்பு ஒயின் குழம்பில் முட்டையை வேகவைத்துத் தருவார்கள், அதில் பன்றி இறைச்சித் துண்டும் போடுவது வழக்கம். இறைச்சி வேண்டாம் என்று மூன்று முறை சொல்லியும் துண்டுகள் மிதந்தன. மாற்றித் தந்தார்கள், ஆனால் முகம் சரியில்லை. கடையின் பெயர் வேண்டாம். அம்மா ரொட்டியும் பழமும் சாப்பிட்டாள். குழாய்த் தண்ணீர் ஜாடி இலவசம், கேட்டு வாங்குங்கள், கேட்காவிட்டால் பாட்டில் தண்ணீரை நீட்டுவார்கள்.

சனி காலை சந்தை. ஓத்தெல் தியூவுக்கு நேர் எதிரே, சந்தைக் கட்டடத்துக்குள்ளும் வெளியே சதுக்கத்திலும். செர்ரிப் பழம், ஆட்டுப் பால் சீஸ், கூடை, தேன். அம்மா விலை கேட்டாள், தமிழில். கடைக்காரர் பிரெஞ்சில் பதில் சொன்னார். இருவருக்கும் புரிந்தது.

ஒயின் கடைகள் தெருவுக்குத் தெரு. நான் குடிப்பதில்லை, இவர் வண்டி ஓட்ட வேண்டும், ஒரு நிலவறையில் ருசி பார்த்து வாளியில் துப்பிவிட்டு வந்தார். அது போதும்.

கடுகுக்கு வருகிறேன். ஊரில் ஃபாலோ என்ற கடுகு ஆலை 1840 முதல் இருக்கிறது, இன்றும் கல் இயந்திரத்தில்தான் அரைக்கிறார்கள். கடையில் சின்னக் கரண்டியால் ருசி பார்க்கத் தருகிறார்கள். பர்கண்டிக் கடுகு என்று பெயர் போட வேண்டுமானால் விதையும் வெள்ளை ஒயினும் இந்த வட்டாரத்தினுடையதாக இருக்க வேண்டுமாம். திஜோன் கடுகு என்று விற்பதற்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை, விதை பெரும்பாலும் கனடாவிலிருந்து வருகிறது. அங்கே மழை பொய்த்ததில் 2022இல் பிரான்ஸ் கடைகளில் கடுகே கிடைக்காமல் நாங்கள் அலைந்தது ஞாபகம் இருக்கிறது.

அம்மா கரண்டியை வாயில் வைத்தாள். ஒரு நொடி ஒன்றுமில்லை. அப்புறம் மூக்கு வழியாக உச்சந்தலைக்கு ஏறியது, கண்ணில் தண்ணீர். "நம்ம கடுகுதானா இது?" என்றாள். அதே கடுகுதான். நாம் எண்ணெயில் பொரிய விடுவதால் இந்த நெடி போய்விடுகிறது, இவர்கள் பச்சையாக அரைத்துப் புளிப்பில் ஊறவைத்து அதைப் பிடித்து வைத்துவிடுகிறார்கள். "எழுபது வருஷமா தாளிச்சுத் தாளிச்சு வீணாக்கியிருக்கேன்" என்றாள், இன்னொரு கரண்டி கேட்டுக்கொண்டே.

மதில் மேல் நடை, தேவாலயத் திரைச்சீலைகள் எல்லாம் விட்டுப்போயின. இரண்டு ராத்திரி தங்கியிருந்தால் பார்த்திருக்கலாம், ஆனால் அந்தப் படிக்கட்டை இன்னொரு நாள் ஏற அம்மா தயாராக இல்லை. சந்தை நாளில் காரை மதிலுக்கு வெளியிலேயே விட்டுவிடுங்கள், உள்ளே கொண்டுபோனால் மாட்டிக்கொள்வீர்கள்.

மூன்று குப்பிக் கடுகு வாங்கினோம். ஒன்றை அம்மா பையிலேயே வைத்துக்கொண்டாள். லியோன் தாண்டி ஓய்வு நிறுத்தத்தில் தயிர்சாத டப்பாவைத் திறந்தபோது, ஊறுகாய் எடுக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, குப்பியின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள்.