பில்லில் கூலன்ட், வண்டியில் பச்சைத் தண்ணீர்

எங்கள் வீட்டு ஃபிரீசரில் ஒரு ராத்திரி சின்ன பிளாஸ்டிக் பாட்டில் ஒன்று இருந்தது. மறுநாள் காலையில் எடுத்துப் பார்த்தால் உள்ளே பச்சை நிறத்தில் கல்லு மாதிரி ஐஸ். கவிழ்த்தாலும் அசையவில்லை. என் கார் ரேடியேட்டரிலிருந்து எடுத்தது அது. அந்த ரேடியேட்டருக்குள் 'கூலன்ட் 5 லிட்டர்' ஊற்றியதாக ஒரு மாதத்துக்கு முன்பு பில் போட்டுக் காசு வாங்கியிருந்தார்கள்.

கூலன்ட் என்பது எஞ்சின் சூட்டைத் தணிக்க ரேடியேட்டரில் ஊற்றும் திரவம். ஒழுங்கான கூலன்ட் வீட்டு ஃபிரீசரில் இப்படி உறையாது. அது தெரியாமல்தான் நான் ஏமாந்தேன்.

சேலத்தில் இருக்கிறேன். வண்டி 2016 மாடல் பெட்ரோல் கார். சர்வீஸுக்கு விட்ட இடத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. பெரிய போர்டு, ஏசி போட்ட வெயிட்டிங் ரூம், காபி மெஷின், டை கட்டிய அட்வைசர், எல்லாம் உண்டு. ஏப்ரலில் விட்டபோது, "கூலன்ட் ரொம்பப் பழசாயிடுச்சு சார், வெயில் காலம் வேற, மாத்திடலாம்" என்றார்கள். அது உண்மைதான். மாற்றி நான்கு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. சரி என்றேன். பில்லில் கூலன்ட் 1,600 ரூபாய், ரேடியேட்டர் ஃப்ளஷ் கெமிக்கல் 450, லேபர் 600. வாட்டர் வாஷ், ஆயில் மாற்றுவது உட்பட மொத்த வேலையும் இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிட்டது. 'பரவாயில்லையே, என்ன வேகம்' என்று அன்றைக்கு மனதுக்குள் பாராட்டினேன். அந்த வேகத்திலேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

மே மாதம் கோடை விழா சமயத்தில் ஏற்காடு கிளம்பினோம். பின் சீட்டில் அம்மா, மனைவி, பெண். அடிவாரம் தாண்டியதும் வண்டிகள் ஊர்ந்தன. முதல் கியர், இரண்டாம் கியர், நிறுத்து, நகர்த்து. இருபது கொண்டை ஊசி வளைவுகளில் பதின்மூன்றோ பதினான்கோ வரும்போது மீட்டரில் சிவப்புத் தெர்மாமீட்டர் விளக்கு எரிந்தது. ஏசியை அணைத்து, ஓரமாக ஒதுங்கி, எஞ்சினை நிறுத்தினேன். பானெட்டைத் திறந்தால் கொதிக்கிற குக்கர் பக்கத்தில் நிற்பது போல ஒரு இரைச்சல்.

ரிசர்வ் டேங்கைப் பார்த்தேன். ஃபுல் கோடு வரை பச்சையாக நின்றது. கூலன்ட் இருக்கிறதே, பிறகு எதற்குக் கொதிக்கிறது? ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்க்கலாம் என்று துணியைச் சுற்றிக் கையை நீட்டினேன். பின்னால் நின்ற ஆம்னி வேன்காரர் ஓடி வந்தார்.

"தம்பி, தம்பி! மூடியத் தொட்றாதீங்க. மூஞ்சி வெந்துரும்."

அந்த மனிதர் மட்டும் அன்றைக்கு அங்கே இல்லாமல் போயிருந்தால் இந்தப் பதிவையே வேறு யாராவதுதான் எழுதியிருக்க வேண்டும். அந்த மூடியில் 1.1 என்றோ 0.9 என்றோ ஒரு எண் இருக்கும். அந்த அளவு அழுத்தத்தை அது உள்ளேயே பிடித்து வைக்கிறது. அதனால்தான் உள்ளே இருக்கும் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது, 1.1 மூடி என்றால் சுமார் 120 டிகிரி வரை. மூடியைத் திருகி அழுத்தம் இறங்கியதும் அதில் ஒரு பகுதி ஒரே நொடியில் ஆவியாகி, கொதிக்கிற தண்ணீரையும் சேர்த்து முகத்தில் அடிக்கும். துணியெல்லாம் எந்த மூலைக்கு!

ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தோம். ஆறிய பிறகு திறந்தால், ரிசர்வ் டேங்க் நிறைந்திருக்க, ரேடியேட்டரில் ஒரு சாண் ஆழத்துக்குக் காலி. குடிக்கக் கொண்டுவந்த தண்ணீர் இரண்டு பாட்டில் ஊற்றி, ஏற்காடு போகாமல் அப்படியே இறங்கி வீடு வந்தோம். பெண் அடிவாரம் வரை பேசவில்லை.

மறுநாள் கொண்டலாம்பட்டி பக்கம், லாரி ரேடியேட்டர் வேலை பார்க்கும் ஒரு சின்னக் கடைக்குப் போனேன். அறுபது வயதுக்காரர். சின்ன டெலஸ்கோப் மாதிரி ஒரு கருவி வைத்திருந்தார். அதன் கண்ணாடியில் என் வண்டியின் பச்சைத் திரவத்தில் ஒரு சொட்டு விட்டு, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். உள்ளே ஒரு அளவுகோல். நிழலும் வெளிச்சமும் பிரிகிற கோடு கிட்டத்தட்ட பூஜ்யத்தில் நின்றது.

"பாதிக்குப் பாதி கூலன்ட் இருந்தா இந்தக் கோடு மைனஸ் முப்பதைத் தாண்டி நிக்கணும் தம்பி. இது தண்ணிங்க. சாயம் போட்ட தண்ணி."

நான் உடனே, "அதனாலதான் கொதிச்சுதாண்ணா?" என்றேன். அவர் இல்லை என்று தலையாட்டினார். சூட்டைக் கடத்துவதில் வெறும் தண்ணீர் கூலன்டை விட ஒரு படி மேல்தானாம். என் வண்டி கொதித்ததற்குக் காரணம் வேறு: ஊற்றியவர்கள் உள்ளே மாட்டிய காற்றை வெளியேற்றவே இல்லை. போதாததற்கு மூடியின் ரப்பர் காய்ந்து வெடித்திருந்தது. சூட்டில் ரிசர்வ் டேங்குக்குப் போன தண்ணீர், ஆறும்போது ரேடியேட்டருக்குத் திரும்பி வரவில்லை. டேங்க் நிறைந்தும் ரேடியேட்டர் காலியாகவும் இருந்தது அதனால்தான். தண்ணீர் செய்யும் கெடுதல் மெதுவாக நடப்பது. கூலன்டில் உறையாமல் காக்கும் எத்திலீன் கிளைகாலோடு துருப்பிடிக்காமல் காக்கும் மருந்துகளும் சேர்ந்திருக்கின்றன. சேலத்து போர் தண்ணீர் எப்படிப்பட்டது என்று நம் வீட்டு கீசரைத் திறந்து பார்த்தாலே தெரியும். அந்த உப்பு அலுமினிய ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் படியும், அரிக்கும். ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்து ரேடியேட்டர் ஒழுகும்போது யாருக்கும் இந்த பில் ஞாபகம் இருக்காது. அந்தத் தைரியத்தில்தான் இதைச் செய்கிறார்கள்.

கூலன்டுக்கு நிறம் ஒரு அத்தாட்சியே இல்லை என்பதும் அவர் சொல்லித்தான் தெரியும். பச்சை, சிவப்பு, நீலம் எல்லாமே கம்பெனிக்காரர்கள் சேர்க்கிற சாயம்.

வீட்டில் கருவி இல்லாதவர்களுக்கு ஃபிரீசர் போதும் என்றார். சின்ன பிளாஸ்டிக் பாட்டிலில் பாதி அளவு மட்டும் எடுத்து இறுக மூடி ஒரு ராத்திரி வைக்க வேண்டும். கண்ணாடி பாட்டில் வேண்டாம், உறைந்தால் வெடிக்கும். வீட்டு ஃபிரீசர் மைனஸ் 18 டிகிரி வாக்கில் இருக்கும். பாதிக்குப் பாதி கூலன்ட் மைனஸ் 35 தாண்டித்தான் உறையும் என்பதால் அது திரவமாகவே இருக்கும். நம் ஊரில் பலரும் ஒரு பங்கு கூலன்டுக்கு இரண்டு பங்கு தண்ணீர் கலக்கிறார்கள். அது கொஞ்சம் கூழாகலாம், கல்லாக உறையாது. என்னுடையது கல்.

இதில் ஒரு பயம் உண்டு. என் மனைவி அந்தப் பாட்டிலைப் பார்த்துவிட்டு, "ஏங்க, இது என்ன பச்சையா? புள்ள ஐஸுன்னு நெனச்சு எடுத்துச் சப்பப் போறா" என்று கத்தினாள். நியாயமான கத்தல். எத்திலீன் கிளைகால் இனிக்கும், ஆனால் விஷம். சிறுநீரகத்தை அடித்துவிடும். குழந்தைக்கும் நாய் பூனைக்கும் கொஞ்சமே போதும். பாட்டில் மேல் பெரிதாக 'விஷம்' என்று எழுதி ஒட்டி, இரண்டு கவரில் சுற்றி, கைக்கு எட்டாத இடத்தில் வைத்தால் மட்டும் இந்தச் சோதனையைச் செய்யுங்கள்.

உறைந்த பாட்டிலை ஐஸ் பெட்டியில் போட்டு எடுத்துக்கொண்டு சர்வீஸ் சென்டருக்குப் போனேன். அதே டை.

"கலரைப் பாருங்க சார், கூலன்ட்தான் சார்."

"உறைஞ்சிருக்கே?"

"ஃபிரீசர்ல வச்சா எல்லாமேதான் சார் உறையும்."

"அப்போ உங்க ஸ்டாக்ல இருக்கிற கேன்ல இருந்து கொஞ்சம் குடுங்க. அதையும் வச்சுப் பார்க்கிறேன்."

"ஸ்டாக் தீந்துடுச்சு சார். நாளைக்கு வரும்."

பிறகு மேனேஜர் வந்தார். ஜாப் கார்டில் நான் போட்ட கையெழுத்தைக் காட்டினார். வண்டியை எடுக்கும்போது படிக்காமல் போட்ட கையெழுத்து, 'வேலை திருப்தி' என்ற வரிக்குக் கீழே. கடைசியில் பெரிய மனது பண்ணி ஒரு சலுகை கொடுத்தார்: அடுத்த சர்வீஸில் கூலன்ட் இலவசமாகப் போட்டுத் தருவார்களாம்!

வீட்டுக்கு வந்து தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிவு செய்தேன். பில், ஜாப் கார்டு, கருவியில் தெரிந்த அளவின் போட்டோ, எல்லாம் இருந்தன. மூன்று வாரம் கழித்து கூலன்டுக்கான 1,600 மட்டும் திரும்பி வந்தது. ஃப்ளஷும் லேபரும் போனது போனதுதான்.

கூலன்டை நானே வீட்டில் மாற்றினேன். அப்போதுதான் அந்த இரண்டு மணி நேர வேகம் எப்படிப்பட்ட பொய் என்று புரிந்தது.

என் வண்டியின் கையேட்டில் மொத்தக் கொள்ளளவு 5 லிட்டர். காலையில் எஞ்சின் சில்லென்று இருக்கும்போது ரேடியேட்டரின் அடியில் உள்ள வடிகால் திருகைத் திறந்தேன். பிளாஸ்டிக் திருகு அது, ஸ்பானர் போட்டால் உடையும், கையால்தான் திருக வேண்டும். வந்தது 3 லிட்டர்தான். மீதி 2 லிட்டர் எஞ்சினுக்குள்ளும் ஹீட்டர் குழாயிலும் நின்றுகொண்டது. அதை வெளியே எடுக்க ஒரே வழி, டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி, எஞ்சினை ஓட விட்டு, தெர்மோஸ்டாட் (சூடானதும் திறக்கிற வால்வு) திறந்து மேல் ஹோஸ் சுடுகிற வரை காத்திருந்து, மறுபடி ஆறவைத்து வடிப்பது. ஒவ்வொரு முறையும் ஆறுவதற்கே ஒன்றரை இரண்டு மணி நேரம். மூன்று முறை வடித்தபோது பழையது நூற்றில் ஆறு பங்கு அளவுக்குக் குறைந்திருக்கும். சனிக்கிழமை முழுக்கப் போயிற்று. அதற்கென்று மெஷின் வைத்திருப்பவர்கள் சீக்கிரம் முடிக்கலாம்தான். நான் விட்ட இடத்தில் அப்படி ஒன்றைப் பார்த்த ஞாபகம் இல்லை.

ஒரு கணக்கை மட்டும் கவனமாகப் போடுங்கள், நான் கடைசி நேரத்தில்தான் உஷாரானேன். எஞ்சினுக்குள் 2 லிட்டர் தண்ணீர் நிற்கும்போது, ஏற்கெனவே பாதிக்குப் பாதி கலந்து விற்கிற கூலன்டை 3 லிட்டர் ஊற்றினால், மொத்தத்தில் அசல் கூலன்ட் 30 சதவீதம்தான் இருக்கும். அதனால் கலக்காத கூலன்ட் வாங்கி, அதில் இரண்டரை லிட்டரை முதலில் ஊற்றி, மேலே அரை லிட்டர் டிஸ்டில்டு வாட்டர் சேர்த்தேன். கேனில் ஐஎஸ் 5759 (இந்தியத் தரம்) அல்லது ஜேஐஎஸ் கே 2234 (ஜப்பான் தரம்) என்று போட்டிருக்கிறதா, உங்கள் கையேடு கேட்கிற வகைதானா என்று பாருங்கள். கேன் தண்ணீரும் ஆர்ஓ தண்ணீரும் டிஸ்டில்டு வாட்டர் ஆகாது.

காற்றை எடுக்கும் வேலைக்குப் பொறுமை வேண்டும். வண்டியின் மூக்கு கொஞ்சம் மேலே இருக்கும்படி எங்கள் வாசல் சரிவில் நிறுத்தி, ஆறிய எஞ்சினில் மூடியைத் திறந்து வைத்தபடியே ஸ்டார்ட் செய்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ஹோஸை மெதுவாக அமுக்கி அமுக்கி விட்டேன். குமிழிகள் வந்துகொண்டே இருந்தன. ஃபேன் இரண்டு முறை ஓடி நின்றது. அதற்குள் அளவு இறங்கி, கொஞ்சம் சேர்க்க வேண்டியிருந்தது. புது மூடி போட்டேன். அடுத்த மூன்று நாள் காலையில் முதல் வேலை பானெட்டைத் திறந்து அளவு பார்ப்பதுதான். சில வண்டிகளில் ரேடியேட்டர் மூடியே இருக்காது, டேங்க் மூடி மட்டும்தான். அவற்றுக்குக் காற்று எடுக்கும் முறை வேறு, கையேட்டைப் பாருங்கள்.

வடித்ததைச் சாக்கடையில் ஊற்றவில்லை. எங்கள் தெருவில் நாய்கள் அதிகம். கேனில் மூடி ரேடியேட்டர் கடைப் பெரியவரிடமே கொடுத்துவிட்டேன்.

இனி எந்தக் கடையில் மாற்றினாலும் பக்கத்தில் நின்று, என் கண் முன்னால் சீல் உடைக்கச் சொல்வேன், காலிக் கேன்களை டிக்கியில் போடச் சொல்வேன். அட்வைசர்கள் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.

ஜூனில் மறுபடி ஏற்காடு போய் வந்தோம். விளக்கு எரியவில்லை. திரும்பி வந்த மறுநாள் அந்த சர்வீஸ் சென்டரிலிருந்து ஒரு பெண் போன் செய்தார். "சார், போன சர்வீஸ் எப்படி இருந்தது? பத்துக்கு எத்தனை மார்க் குடுப்பீங்க?" நடந்ததை முழுக்கச் சொன்னேன், பச்சை ஐஸ் உட்பட. பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"சரிங்க சார், நோட் பண்ணிக்கிறேன். அடுத்த சர்வீஸ் எந்த தேதிக்கு புக் பண்ணட்டும்?"